ஒரே இயந்திரத்தில் இரண்டு மாப்பிள்ளைகள்

ஜனவரி 6

சகலை அவர்களுக்கு,

வணக்கம். நலம். அங்கும் நலம் என்று என் வீட்டுக்காரி பெரியவள் வழியாகத் தெரியும். அக்காளும் தங்கையும் தினமும் அரை மணி நேரம் பேசுகிறார்கள். நம் இருவரைப் பற்றி மட்டும் பேசுவதில்லை என்று சத்தியம் செய்கிறார்கள். நான் நம்பவில்லை.

காரியத்துக்கு வருகிறேன். அச்சகத்தின் பழைய கம்ப்யூட்டர் போன மாதம் செத்துவிட்டது. டிஸ்க் கரகரவென்று சத்தம் போட்டு நின்றது. புதியது வாங்கித் தந்துவிட்டார்கள். பாடத்தைப் பிரெய்லாக மாற்ற நீங்கள் பைத்தான் மொழியில் எழுதிக் கொடுத்த புரோகிராமின் நகல் பத்திரமாக இருக்கிறது. ஆனால் புதிய கம்ப்யூட்டரில் அதை ஓட்டினால் முதல் பத்து வரிக்குள்ளேயே முரண்டு பிடிக்கிறது. பழுது பார்க்க வந்த பையன் தலையை ஆட்டிவிட்டு, "சார், இது பழைய பைத்தான். இப்ப மூணாவது பதிப்புதான். மொத்தத்தையும் திருப்பி எழுதணும், ஆறு மாசம் ஆகும்" என்றான்.

மார்ச்சில் பிள்ளைகளுக்கு ஆண்டுத் தேர்வு. அதற்குள் வினாத்தாள்களைப் பிரெய்லில் அச்சிட்டுத் தராவிட்டால் வேலையை வெளியே கொடுத்துவிடுவோம் என்று பள்ளி அலுவலகத்தில் சொல்கிறார்கள். வெளியே கொடுத்தால் அச்சகத்தை மூடிவிடுவார்கள். பார்வையில்லாத பிள்ளைகளின் பள்ளிக்குள்ளேயே ஒரு அச்சகம் இருப்பது எவ்வளவு பெரிய காரியம் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

பழைய பதிப்பைப் புதிய கம்ப்யூட்டரில் ஏற்ற வழி உண்டா? உண்டென்றால் எழுதி அனுப்புங்கள். நடந்தது நடந்துவிட்டது, அதை விடுங்கள்.

இப்படிக்கு,
பெரிய சகலை


ஜனவரி 15

ஐயா,

கடிதம் கிடைத்தது. "நடந்தது நடந்துவிட்டது, அதை விடுங்கள்" என்று நீங்கள் எழுதியிருக்கும் வரியை நான்கு முறை படித்தேன். அதைச் சொல்ல வேண்டியவன் நான் இல்லையா?

ஆறு வருஷத்துக்கு முன்பு தலைமையாசிரியை அறையில் நீங்கள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், மறந்திருப்பீர்கள். "நல்லா ஓடிட்டிருந்த மெஷின் மேடம். இவன் கை வச்சான், கெட்டுச்சு." அறுபத்திரண்டு பிள்ளைகளின் கணக்கு வினாத்தாளில் எண்கள் ஒன்றன்கீழ் ஒன்று நிற்காமல் ஒரு கட்டம் தள்ளிப் போயிருந்தன. பிள்ளைகள் மறுபடி தேர்வு எழுதினார்கள். நான் ஒரு வார்த்தை பேசவில்லை. ஏனென்றால் தவறு என்னுடையதுதான் என்று நானே நம்பினேன்.

இன்றுவரை எனக்குப் புரியாதது ஒன்று. நான் அந்த இயந்திரத்தில் பழைய பதிப்பையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டுத்தான் ஊருக்குப் போனேன். பழைய புரோகிராம் பழையதில் ஓட வேண்டும். பாதி மாற்றிய புதிய நகல் சும்மா ஒரு ஓரத்தில் இருக்க வேண்டும். "புதுசைத் தொட வேண்டாம், இன்னும் முடியவில்லை" என்று ஒரு சீட்டு எழுதி மானிட்டரில் ஒட்டினேன். ஒட்டினேன் என்றுதான் நினைக்கிறேன். திரும்பி வந்தபோது சீட்டும் இல்லை, பழைய பதிப்பும் இல்லை. கிளம்புகிற அவசரத்தில் நானே தவறான கட்டளையைக் கொடுத்து அழித்துவிட்டேனா? சீட்டு ஒட்டியதாகக் கனவு கண்டேனா? பழைய பதிப்பை மறுபடி ஏற்றிக் கொடுத்துவிட்டு, புரோகிராம் எழுதுவதை அத்தோடு விட்டேன். இப்போது ஒரு காப்பீட்டு அலுவலகத்தில் பிரிண்டரில் சிக்கிய காகிதத்தை இழுத்துக் கொடுக்கிறேன். வீட்டில் சின்னவள் கேட்டால், "கை நடுங்குது" என்று சொல்லிச் சமாளிக்கிறேன்.

பிள்ளைகளுக்காக வழி எழுதுகிறேன். புதிய கம்ப்யூட்டரில் ஏற்கெனவே இருக்கும் பைத்தானைத் தொடவே தொடாதீர்கள். அந்த இயந்திரம் தன் சொந்த வேலைகளுக்கே அதை நம்பியிருக்கிறது. அதைப் பிடுங்கினால் வீடே சரியும். உங்கள் பெயரில் தனியாக ஒரு கோப்புறை திறந்து, பழைய பதிப்பை அதற்குள் ஏற்றுங்கள். தேவையான கோப்புகள் இத்துடன் வரும் பென் டிரைவில் இருக்கின்றன. கட்டளைகளைத் தனித்தாளில் எண் போட்டு எழுதியிருக்கிறேன். புள்ளிகூட மாறாமல் அடியுங்கள்.

இரண்டு மாப்பிள்ளைகள் ஒரே மாமனார் வீட்டில் தங்கியிருப்பதுபோல என்று வைத்துக்கொள்ளுங்கள். "மாப்பிள்ளே" என்று பொதுவாகக் கூப்பிட்டால் யார் பக்கத்தில் நிற்கிறானோ அவன்தான் திரும்புவான். "பெரிய மாப்பிள்ளே", "சின்ன மாப்பிள்ளே" என்று பிரித்துக் கூப்பிட வேண்டும். அதனால் உங்கள் புரோகிராமின் முதல் வரியில், எந்தக் கோப்புறையில் இருக்கும் எந்தப் பைத்தான் என்று முழு விலாசமும் எழுதிவிடுங்கள். அவ்வளவுதான் வித்தை.

இப்படிக்கு,
கை வைத்தவன்


ஜனவரி 27

சின்ன சகலை,

நீங்கள், வாருங்கள் என்று எழுத இனி முடியவில்லை. நீ என்றே எழுதுகிறேன். படித்து முடித்தபின் என்னை நீயும் அப்படியே திட்டலாம்.

உன் தாளை வைத்துக்கொண்டு மூன்று நாள் உட்கார்ந்தேன். ஆறாம் எண் கட்டளையில் ஒரு இடைவெளி விட்டுப்போய் அரை நாள் போனது. கடைசியில் பழைய பதிப்பு ஏறிவிட்டது. ஒரு பாடப் பக்கம் அடித்தேன். அச்சு இயந்திரம் டகடகவென்று குத்த ஆரம்பித்ததும் எனக்கு அந்தப் பழைய அறை ஞாபகம் வந்துவிட்டது. ஒரு நாற்காலிக்கு நாம் போட்ட சண்டை. நீ புரோகிராம் எழுத, நான் பின்னால் நின்று, "இதென்னடா, அதென்னடா" என்று நச்சரித்தது. மத்தியானம் அக்காளும் தங்கையும் ஒரே ஸ்கூட்டரில் சாப்பாடு கொண்டு வருவார்கள். இயந்திரச் சத்தத்தில் யார் பேசுவதும் கேட்காமல் நாலு பேரும் சைகையிலேயே சிரித்தது. அந்தச் சத்தத்துக்கு இப்படி ஒரு ருசி இருந்தது என்று அப்போது தெரியவில்லை.

சரி, சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

நீ சீட்டு ஒட்டினாய். கனவு இல்லை. மஞ்சள் தாள், பச்சை மை.

நீ ஊருக்குப் போன மறுநாள் இயந்திரம், இடம் இல்லை, இடம் இல்லை என்று கத்திக்கொண்டே இருந்தது. வினாத்தாள் வேறு வந்து குவிந்திருந்தது. என்னென்ன இருக்கிறது என்று பார்த்தேன். பைத்தான் இரண்டு இருந்தது. ஒரே சாமான் வீட்டில் எதற்கு இரண்டு, பழசைத் தூக்குவோம் என்று தூக்கிவிட்டேன். அதன்பின் உன் பழைய புரோகிராம் ஓடவில்லை. புதிய நகலை ஓட்டிப் பார்த்தேன். அழகாக ஓடியது. ஒரு பிழையும் காட்டவில்லை. சீட்டைப் பார்த்தேன். இவன் எப்போதும் இப்படித்தான் பயமுறுத்துவான் என்று நினைத்துக்கொண்டேன். நேரம் இல்லையென்று, விரலால் தடவிப் பிழை பார்க்கும் மெய்ப்புக்காரம்மாவிடம்கூடத் தாளைக் கொடுக்கவில்லை. நேரே உறையில் போட்டு ஒட்டிவிட்டேன்.

தவறு தெரிந்த அன்று, தலைமையாசிரியை அறைக்குப் போகிற வழியில் அந்தச் சீட்டைக் கிழித்துப் பையில் போட்டுக்கொண்டேன். உள்ளே நுழைந்ததும் என் வாயில் என்ன வந்தது என்று நீயே எழுதிவிட்டாய்.

எனக்கு அப்போது வேலை போய்விடுமோ என்று பயம். உனக்கு வேறு வேலை கிடைக்கும், எனக்குக் கிடைக்காது என்று ஒரு நியாயம் கற்பித்துக்கொண்டேன். பெரியவளுக்குக்கூடத் தெரியாது. நேற்றுத்தான் சொன்னேன். இன்று காலையிலிருந்து அவள் என்னோடு பேசவில்லை.

பெரியவன் என்ற பட்டத்துக்கு லாயக்கில்லாத,
சகலை


பிப்ரவரி 20

அண்ணனுக்கு,

மூன்று வாரம் எழுதவில்லை. எழுதினேன், கிழித்தேன். சின்னவள் குப்பைக்கூடையைப் பார்த்துவிட்டு, "நல்ல வேளை, இதெல்லாம் தபால்ல போகலை" என்றாள்.

கோபம் வரவில்லை என்று பொய் சொல்ல மாட்டேன். உங்கள் கடிதத்தைப் படித்ததும் எழுந்து போய் முகம் கழுவினேன். கண்ணாடியில் பார்த்து, "நீ ஒட்டினேடா" என்று சத்தமாகச் சொன்னேன். ஆறு வருஷம் அண்ணே. ஒரு மஞ்சள் காகிதத்தைத் தேடி என் மூளைக்குள் எத்தனை முறை அந்த அறையைப் பெருக்கியிருப்பேன்! எழுதத் தெரிந்த ஒரே காரியத்தை விட்டுவிட்டுப் பிரிண்டருக்குக் கைவைத்தியம் பார்க்கிறேன். இதை நீங்கள் எப்படித் திருப்பித் தருவீர்கள்? முடியாது. அதனால் கேட்கவில்லை.

ஆனால் கோபம் கொஞ்சம் ஆறியதும் என் பக்கமும் ஒரு சங்கதி மேலே வந்தது. ஊருக்குக் கிளம்பிய அன்று மெய்ப்புக்காரம்மா என்னிடம் வந்தார். ஞாபகம் இருக்கிறதா, பள்ளியே அவரைத் 'தணிக்கை' என்றுதான் கூப்பிடும். "தம்பி, உன் புதுசுல ஒரு கணக்குப் பக்கம் அடிச்சுக் குடு. விரல் வச்சுப் பார்த்துடறேன்" என்றார். கணக்குப் பக்கம் என்றால் அட்டவணை, கட்டம், நேர்கோடு என்று அரை மணி நேர வேலை. எனக்கு ரயிலுக்கு நேரமாகிவிட்டது. ஒரு கதைப் பக்கத்தை அடித்து நீட்டினேன். அவர் தடவிப் பார்த்து, "கதை சரியா இருக்கு. நான் கேட்டது கணக்கு" என்றார். சிரித்து மழுப்பிவிட்டுக் கிளம்பினேன். போகிற வழியில் டீக்கடையில் உங்களிடம், "புதுசு சூப்பரா ஓடுது அண்ணே" என்று பீற்றிக்கொண்டதும் நான்தான். சீட்டில் ஒன்று, வாயில் ஒன்று. நீங்கள் வாயை நம்பிவிட்டீர்கள்.

தவறு எங்கே என்று அந்த வாரமே கண்டுபிடித்துவிட்டேன். யாரிடமும் சொல்லவில்லை, வீம்பு. எண் எந்தக் கட்டத்தில் தொடங்க வேண்டும் என்று கணக்குப் போடும்போது சில சமயம் அரைக் கட்டம் மிஞ்சும். அரையை எந்தப் பக்கம் தள்ளுவது? பழைய பைத்தான் எப்போதும் மேலே தள்ளும், இரண்டரை என்றால் மூன்று. புதியது அருகில் இருக்கும் இரட்டை எண்ணுக்குத் தள்ளும், இரண்டரை என்றால் இரண்டு. ஆனால் மூன்றரை என்றால் இரண்டுமே நான்கு என்னும். அதனால்தான் பாதி அட்டவணை சரியாக வந்தது, பாதி ஒரு கட்டம் நகர்ந்தது. இரண்டு பதிப்பும் தம் வழக்கப்படி சரியாகத்தான் செய்தன. நாம் இருவரும்தான் தப்பு.

இப்போது ஒன்று கேட்கிறேன். மறுதேர்வுக்கு வராத ஒரு பெண் இருந்தாள். அவள் அப்பா அந்த வாரமே வந்து கூட்டிப்போய்விட்டார் என்று சொன்னார்கள். வினாத்தாள்தான் தவறு என்று அவளுக்கு யாராவது சொன்னார்களா? எனக்குத் தெரியாது. உங்களுக்குத் தெரியுமா?

தம்பி


மார்ச் 12

சின்ன சகலைக்கு,

தெரியாது. உன் கடிதம் வந்ததும் அலுவலகத்துக்குப் போய்ப் பழைய பதிவேட்டைப் புரட்டினேன். மறுதேர்வு அறிவிப்பை அவள் வீட்டுக்குத் தபாலில் அனுப்பியிருக்கிறார்கள். அதற்குமேல் ஒன்றும் இல்லை.

பதிவேட்டை மூடியதும் அப்படியே தலைமையாசிரியை அறைக்குள் போனேன். இப்போது இருப்பவர் வேறு. நடந்ததை முதலிலிருந்து சொன்னேன். சீட்டைக் கிழித்தது வரை. அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார். பிறகு எழுத்தில் தரச் சொன்னார். எழுதிக் கொடுத்தேன். நீ தவறு செய்யவில்லை என்று தனிப் பத்தியாக எழுதினேன். அச்சகப் பொறுப்பு இனி எனக்கு இல்லை. இயந்திரம் ஓட்டுவது மட்டும்தான் என் வேலை. பொறுப்பு யாருக்கு என்று நினைக்கிறாய்? தணிக்கை அம்மாவுக்கு. முதல் நாளே ஒரு சட்டம் போட்டுவிட்டார்: அவர் விரல் படாமல் ஒரு தாள்கூட உறைக்குள் போகக் கூடாது. ஆறு வருஷத்துக்கு முன்பே அவரைப் பொறுப்பாக்கியிருந்தால் நீயும் நானும் இந்த நேரம் எங்காவது டீ குடித்துக்கொண்டிருப்போம்.

வினாத்தாள் முழுவதும் அச்சாகிவிட்டது. அச்சகத்தை மூடும் பேச்சு இப்போதைக்கு இல்லை. பெரியவள் நேற்றிலிருந்து பேசுகிறாள். "உப்பு போதுமா?" என்று கேட்டாள். அதுவே பெரிய விஷயம்.

அந்தப் பெண் எங்கே இருக்கிறாள் என்று விசாரித்துவிட்டேன். ஒரு பெரிய மருத்துவமனையில் தொலைபேசி இணைப்புக் கொடுக்கும் வேலை. போகப்போகிறேன். வெறும் வாயோடு போனால் சமாதானம் சொல்ல வந்த கிழவன் என்று நினைப்பாள். கையில் என்ன கொண்டு போகலாம், சொல்.

சகலை


மார்ச் 19

அண்ணே,

நீங்கள் தலைமையாசிரியை அறைக்குப் போன பத்தியைச் சின்னவளிடம் படித்துக் காட்டினேன். அவள் அழுதாள். நான் பிரிண்டர் பழுது பார்க்கிற ஆள், நெஞ்சு இரும்பு என்று சொல்லிவிட்டு மொட்டை மாடிக்குப் போய்விட்டேன்.

கையில் அந்த வினாத்தாளையே கொண்டுபோங்கள். இரண்டு தாளாக.

உங்கள் இயந்திரத்தில் இப்போது இரண்டு பதிப்பும் இருக்கின்றன. என் பாதி மாற்றிய நகலும் அந்தப் பழைய டிஸ்க் நகலில் 'புதுசு' என்ற கோப்புறையில் கிடக்கும். அழிக்காமல் இருந்தால் சரி. (அழித்திருக்க மாட்டீர்களே?) அந்த வருஷக் கணக்கு வினாத்தாளை எடுத்து, பழைய புரோகிராமைப் பழையதில் ஓட்டி ஒரு தாள், புதிய நகலைப் புதியதில் ஓட்டி ஒரு தாள். அன்று அவள் கையில் இருந்தது இரண்டாவது. இருந்திருக்க வேண்டியது முதலாவது. நீங்கள் ஒன்றும் விளக்க வேண்டாம். விரல் புரிந்துகொள்ளும்.

இதை எழுதும்போது பழைய ஞாபகம். புரோகிராம் முதன்முதலாக ஓடிய அன்று நீங்கள் ஒரு பிரெய்ல் தாளை எடுத்துக்கொண்டு வகுப்பறைக்கு ஓடினீர்கள். செருப்புக்கூடப் போடவில்லை. பிள்ளைகள் அதைப் படித்துச் சிரித்த சத்தம் கேட்டது. திரும்பி வந்து, "என்னடா எழுதி வச்சே? எல்லாரும் சிரிக்கிறாங்க!" என்றீர்கள். 'எங்கள் பெரிய சகலை நடக்கும்போது வாத்து மாதிரி நடப்பார்' என்று சோதனைக்கு அடித்திருந்தேன். உங்களுக்குப் பிரெய்ல் படிக்கத் தெரியாததால் தப்பித்தேன். இன்றுவரை சொல்லவில்லை. இப்போது சொல்லிவிட்டேன், கணக்கு நேர்.

இந்த வாரம் ஒரு ராத்திரிகூட அந்த அறையைப் பெருக்கவில்லை. நன்றாகத் தூங்குகிறேன்.

தம்பி


ஏப்ரல் 4

சின்ன சகலைக்கு,

வாத்து சங்கதியைப் பெரியவளிடம் சொன்னேன். "இதை எழுதித்தான் தெரிஞ்சுக்கணுமா?" என்கிறாள்.

நேற்று அந்தப் பெண்ணைப் பார்த்தேன்.

மருத்துவமனையில் படிக்கட்டுக்குக் கீழே ஒரு சின்ன அறை. ஃபேன், ஒரு தொலைபேசிப் பலகை, தண்ணீர் பாட்டில். மதிய இடைவேளை வரை வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். இருநூறு இணைப்பு எண்கள் இருக்கும், எதையும் தேடாமல், "ரத்தப் பரிசோதனையா? கொடுக்கறேன்", "ஆறாம் வார்டா? லைன்ல இருங்க" என்று விரல் பாட்டுக்கு அழுத்திக்கொண்டே போகிறாள். இருமல் வந்தது, அடக்கப் பார்த்தேன். அவள் சட்டென்று தலையைத் திருப்பி, "இருமல் சாரா?" என்றாள். இத்தனை வருஷம் பிள்ளைகள் எனக்கு வைத்திருந்த பெயர் அது என்று நேற்றுத்தான் தெரிந்தது.

சும்மா பார்க்க வந்ததாக முதலில் உளறினேன். அப்புறம், "கணக்குத் தேர்வைப் பத்திப் பேச வந்தேம்மா" என்றேன். அவள் முகம் சுருங்கியது.

"எனக்குக் கணக்கு வராது சார். அதான் அப்பா வந்து கூட்டிட்டுப் போயிட்டாரு. அதைப் பத்தி இப்ப என்ன?"

மறுதேர்வு வைத்தது தெரியுமா என்று கேட்டேன். தெரியாது. தபால் வந்திருக்கும், அப்பா படித்துவிட்டு மடித்து வைத்திருப்பார் என்றாள். பெயிலானவர்களுக்கு வைக்கும் தேர்வு என்று அவர் நினைத்திருக்கலாம்.

நீ சொன்னபடி ஒன்றும் விளக்காமல் முதலில் தவறான தாளைக் கொடுத்தேன். விரலை வைத்தாள். மூன்று கேள்வி சரசரவென்று தாண்டியது. நான்காவதில் நின்றது. மேலே போனது, கீழே வந்தது, மறுபடி மேலே.

"இங்கதான்," என்றாள். "இங்கதான் எனக்கு வழுக்கிச்சு. ஒண்ணு கீழ ஒண்ணு நிக்கவே இல்ல. எல்லாரும் எழுதற சத்தம் கேக்குது, எனக்கு மட்டும் நிக்கல."

எல்லாருக்குமே வழுக்கியது என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லாமல் சரியான தாளை அவள் கைக்குக் கீழே வைத்தேன். நான்காவது கேள்விக்கு வந்தாள். எண்ணூற்று நாற்பத்தேழு, தொள்ளாயிரத்து ஐந்து, முந்நூற்று அறுபத்து நான்கு. விரல் நேராகக் கீழே இறங்கியது. உதடு மட்டும் அசைந்தது.

"ரெண்டாயிரத்து நூத்திப் பதினாறு," என்றாள். பிறகு, "சார், ரெண்டும் ஒரே கேள்வியா?"

"ஒரே கேள்விதான்மா. ஒரே மெஷின்ல அடிச்சது."

"அப்ப தப்பு என் விரல்ல இல்லையா?"

"இல்லம்மா. எங்கிட்ட."

நடந்தது எல்லாம் சொன்னேன். உன் கதைப் பக்கத்தையும் சொன்னேன், மறைக்கவில்லை. தொலைபேசிப் பலகையில் விளக்கு இரண்டு முறை எரிந்து அணைந்தது. பிறகு, "ஆறு வருஷம் கழிச்சு வர்றீங்களே சார்," என்றாள். அவ்வளவுதான். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

தவறான தாளை நாலாக மடித்துத் தன் பைக்குள் வைத்துக்கொண்டாள். சரியான தாள் வேண்டாமா என்றேன். "இதைத்தான் வீட்ல எல்லாரோட விரலையும் பிடிச்சு வச்சுக் காட்டணும். சரியா இருக்கறதைக் காட்டி என்ன ஆகப்போகுது?" என்றாள்.

உன்னைப் பற்றிக் கேட்டாள். நாம் பேசிக்கொள்வதில்லை, கடிதம் மட்டும்தான் என்றேன். முதல் முறையாகச் சிரித்தாள். "நானும் கணக்கும்கூட அப்படித்தான் சார், பேசிக்கறதே இல்ல."

வெளிவாசல் வரை என் கையைப் பிடித்துக்கொண்டு வந்தாள். உண்மையில் அவள்தான் என்னைக் கூட்டிக்கொண்டு வந்தாள். எனக்குக் கண் சரியாகத் தெரியவில்லை. அங்கே நின்று, "பத்தாவதைப் பள்ளிக்கூடம் போகாம வெளியிலிருந்து எழுதலாம்னு சொல்றாங்க. கணக்குப் புத்தகம் வேணும். மொத்தம் நாலு பாகம். அடிச்சுத் தருவீங்களா?" என்றாள்.

நாலு பாகம் என்றால் முந்நூறு அட்டவணைக்கு மேல் வரும் என்று உனக்குத் தெரியும். பழைய பதிப்பை நம்பி இன்னும் எத்தனை நாள் ஓட்டுவது? உன் புதிய நகலை எழுதி முடிக்கத்தான் வேண்டும். தணிக்கை அம்மா ஒவ்வொரு பக்கத்தையும் தொட்டுப் பார்க்கக் காத்திருக்கிறார். என்னால் தனியாக ஒரு பக்கம்கூட முடியாது. இதெல்லாம் அவளிடம் சொல்லவில்லை.

"எப்ப சார் கிடைக்கும்?" என்றாள்.

ஜூன் முதல் வாரம் என்று சொல்லிவிட்டேன், உன்னைக் கேட்காமலேயே.

அண்ணன்